யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனால் அவள் மட்டும் தனியாக இருக்கிறாள். இதை எப்படிப் பேசுவது?

பாதிவழி (கேள்வி)

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இளைஞர் மன்றத்தில் மூன்று வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். 13 முதல் 17 வயது வரை முப்பது பேர் வருவார்கள். வாரக் கடைசியில் விளையாட்டு, நாடகப் பயிற்சி, வருடத்துக்கு ஒருமுறை முகாம். நான்கு மாதம் முன்பு ஒரு பெண் சேர்ந்தாள், 15 வயது. மன்றத்தில் மற்ற எல்லாரும் ஒரு பக்கம் என்றால் அவள் குடும்பம் வேறு பக்கம். அது சாதியா, மதமா, மொழியா, நிறமா என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, எழுதினால் அடுத்த ஐம்பது பதிலும் அதைப் பற்றிய சண்டையாகிவிடும்.

யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் சிக்கலே. அணி பிரிக்கும்போது கடைசியாகத்தான் அவள் பெயர் வரும். நாடகம் என்றால் திரை இழுக்கிற வேலை. மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் இருக்கிறாள், ஆனால் நிஜமான பேச்செல்லாம் பெரிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தனியாக வைத்திருக்கிற இன்னொரு குழுவில் நடக்கிறது. ஒருமுறை பயிற்சி நேரம் மாறியது அங்கே மட்டும் பேசி முடிவாகி, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள்.

பொறுப்பாளர் பதினைந்து வருடமாக நடத்துகிறவர். ராப்பகல் பார்க்காமல் உழைக்கிறவர், பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். அந்தக் கதவு விஷயம் பேச்சில் வந்தபோது அவர்தான், "அந்த ஆளுங்களே அப்படித்தான், நேரம் காலம் கிடையாது" என்று அவள் எதிரிலேயே சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்புதான் இரண்டு வாரமாகக் கண்முன் நிற்கிறது.

அவரிடம் எப்படிப் பேசுவது? பேசினால் அவள்தான் போட்டுக்கொடுத்தாள் என்று ஆகிவிடாதா?

---

அரைக்கிணறு

முதலில் அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா? பதிவு முழுக்கத் தேடினேன், அவள் ஒரு வார்த்தை பேசிய மாதிரி எங்கேயும் இல்லை.

பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம். "நீங்கள் பாரபட்சம் பார்க்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் அவர் தன் பதினைந்து வருட உழைப்பைச் சொல்லித் தற்காத்துக்கொள்வார், நீங்கள் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்புவீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இந்தத் தேதியில் நேரம் மாறியது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தப்பு நம்முடையது, பழி அவள் மேல் விழுந்தது, அதற்கு நானும் சிரித்தேன். கடைசி வரி முக்கியம். நீங்களும் அந்தத் தப்பில் பங்கு என்று ஒத்துக்கொண்டால் அவருக்கு ஒத்துக்கொள்வது கொஞ்சம் சுலபம்.

அடுத்த தடவை அந்த மாதிரி பேச்சு வந்தால் சிரிக்காமல், "எந்த ஆளுங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இந்த மாதிரி நகைச்சுவையை விளக்கச் சொன்னால் பாதி ஆட்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மீதி ஆட்கள் நிஜமாகவே விளக்க ஆரம்பிப்பார்கள், அப்போது யாரோடு பேசுகிறோம் என்றாவது தெரியும்.

---

நேர்ப்பேச்சு

எல்லாரும் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். புதிதாக வருகிற எந்தப் பிள்ளைக்கும் நாலைந்து மாதம் இப்படித்தான் இருக்கும். நானும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான், செத்துப்போகவில்லை. இதைப் பெரிய விஷயமாக்கி, ஒரு கூட்டம் போட்டு, "எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று பாடம் எடுத்தால் முப்பது தலையும் அந்தப் பெண் பக்கம்தான் திரும்பும். அதுவரைக்கும் புதிய பெண்ணாக இருந்தவள் அதற்கப்புறம் பிரச்சினைக்குரிய பெண்.

---

முகாம்கிழவன்

நேர்ப்பேச்சு சொன்னதில் இரண்டாம் பாதி சரி, முதல் பாதி தப்பு.

முதல் பாதிக்கு ஒரு கதை. கிப்ளிங் வில்லியம்ஸ் என்று ஒரு உளவியலாளர் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது எறிதட்டு ஒன்று உருண்டு வந்தது. எடுத்து எறிந்தார், ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் எவ்வளவு வலித்தது என்று அவருக்கே ஆச்சரியம். அதை வைத்துத்தான் கணினியில் பந்து எறிகிற ஒரு சோதனையை உருவாக்கினார். எதிரில் இருப்பது மனிதர்களே இல்லை, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் பந்து வராதவருக்கு மனசு விழுகிறது என்று 2004ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இங்கே வாராவாரம் பார்க்கிற முப்பது பேர், வயது 15. "செத்துப்போகவில்லை" என்று கடந்துபோகிற விஷயமில்லை இது.

அப்புறம், வெறும் புதுசு என்பதால் வருகிற ஒதுக்கமும் "அந்த ஆளுங்க" என்கிற ஒதுக்கமும் ஒன்றில்லை. புதுசு பழகப்பழகப் போய்விடும். இரண்டாவதில் அவள் ஒரு நாள் தாமதமாக வந்தால் அவளுடைய மொத்தக் கூட்டமும் தாமதம், மற்றவன் தாமதமாக வந்தால் அவன் மட்டும்தான் தாமதம்.

இப்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் இளைஞர் முகாம் நடத்தியவன், இதே தப்புகளைச் செய்தவனும்கூட. உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பொறுப்பாளரின் வாய் இல்லை, அந்த இரண்டாவது வாட்ஸ்அப் குழு. பெண்ணியக் குழுக்களைப் பற்றி ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி 1970ல் பேசிய ஒரு விஷயம் எல்லா மன்றத்துக்கும் பொருந்தும். வெளிப்படையான நடைமுறை இல்லாத இடத்தில் அதிகாரம் இல்லாமல் போய்விடாது, நட்பு வட்டத்துக்குப் போய்விடும். நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி, விதிகள் எதற்கு என்று பெருமையாகச் சொல்கிற மன்றங்களில்தான் இது அதிகம். பிள்ளைகள் தனிக் குழு வைத்துக்கொள்வதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் நேரம், இடம், அணி, பாத்திரம் எதுவானாலும் பொதுக் குழுவில் போடாதவரை அது முடிவே இல்லை என்று ஒரு விதி வைக்கலாம். யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே மாதிரி தலைவன் இரண்டு பேர் மாறிமாறி ஆள் பொறுக்குகிற பழக்கத்தை நிறுத்துங்கள். வாராவாரம் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அது பகிரங்கமாக மதிப்பெண் வாசிக்கிற மாதிரி. சீட்டு எடுங்கள், எண் சொல்லிப் பிரியுங்கள்.

முகாம் பற்றியும் ஒன்று. 1954ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை முகாமுக்குக் கொண்டுபோய் இரண்டு அணியாக வைத்துப் போட்டி மூட்டியது நிறையப் பேருக்குத் தெரியும். கொடியை எரித்தார்கள், ஒருவர் அறையை ஒருவர் சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தும் படம் காட்டியும் தணியவில்லை, தண்ணீர் வரத்து நின்றுபோய் (அதுவும் பெரியவர்கள் செய்த ஏற்பாடுதான்) எல்லாரும் சேர்ந்து தேட வேண்டிவந்தது மாதிரியான வேலைகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஆனால் முந்தைய வருடம், 1953ல், இதே ஷெரீப் நடத்திய இன்னொரு முகாம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகுதான் பிரித்தார்கள். பெரியவர்கள் எவ்வளவு தூண்டியும் பையன்கள் பகைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்தத் தோற்ற முகாம்தான் பிடிக்கும். முகாமின் முதல் நாள் மாலையில் யார் யாரோடு என்பதை நண்பர்கள் வட்டத்திடம் விட்டுவிட்டு, நான்காம் நாள் ஒற்றுமை விளையாட்டு நடத்திப் பலனில்லை.

நாடகத்துக்கும் இதே கணக்கு. 1971ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் டெக்சாஸ் பள்ளி வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் பாடத்தின் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார், அவன் சொல்லாமல் மற்றவர்களுக்கு அது தெரியவே வராது. பிடிக்காதவனையும் கேட்டே ஆக வேண்டும். திரை இழுப்பவள் இல்லாமலும் நாடகம் நடக்கும். அவள் இல்லாமல் நடக்காத ஒன்றை அவளிடம் கொடுங்கள். இரக்கத்துக்கு வேண்டாம், அவளுக்கு எது வருமோ அது.

---

எட்டாம்பக்கம்

முறையாகவும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் மன்றத்தில் எழுதிவைத்த பாகுபாடு எதிர்ப்பு விதி இருக்கிறதா? புகார் என்றால் யாரிடம் போவது? பெரும்பாலான இடங்களில் பொறுப்பாளரைப் பற்றிய புகாரும் பொறுப்பாளரிடமே போகும், அதை முதலில் மாற்ற வேண்டும். நிர்வாகக் குழுவில் அடிப்படை கேட்டால் 1989ஆம் வருட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையைக் காட்டலாம். பிரிவு 2 பாகுபாடு கூடாது என்கிறது, பிரிவு 12 தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, பிரிவு 31 விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமை என்கிறது.

விதி மட்டும் போதாது என்பதும் தெரியும். அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு ஓரினச்சேர்க்கையாளரைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கலாம் என்று 2000ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கில் ஜெயித்த அமைப்பு, 2013ல் வாக்கெடுப்பு நடத்திச் சிறுவர்களுக்கும் 2015ல் பெரியவர்களுக்கும் அந்தத் தடையைத் தானே எடுத்தது. இடையில் அமைப்புக்கு உள்ளேயும் வெளியேயும் பல பேர் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல், அங்கே எதிர்க்க எழுத்தில் ஒரு தடை இருந்தது, உங்கள் மன்றத்தில் அதுகூட இல்லை.

---

மழைக்குருவி

நான் அந்தப் பெண்ணாக இருந்தவள். வேறு இடம், வேறு காரணம், அதே திரை.

எனக்காக ஒரு அக்கா கூட்டம் போட்டுப் பேசினார். நல்ல மனசு, ஆனால் அன்றைக்கு மாதிரி நான் எந்த நாளும் அவமானப்பட்டதில்லை. மாற்றியது என் வயதுப் பையன் ஒருத்தன், எல்லாருக்கும் பிடித்தவன். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த வாரம் நீ என் அணி" என்றான். அவ்வளவுதான், அடுத்த வாரம் மற்றவர்களும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் எலிசபெத் பாலக் குழுவினர் செய்தது, 2016ல் வெளியானது. சில பள்ளிகளில் சிறு மாணவர் குழுவிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள், அங்கே சண்டை சச்சரவுப் புகார்கள் 30 சதவீதம் குறைந்தன. அந்தக் குழுவில் எல்லாரும் கவனிக்கிற பிள்ளைகள் அதிகம் இருந்தபோது பலனும் அதிகம். ஆகவே அந்த ஏழெட்டுப் பேரில் யாருடைய பேச்சு எடுபடுகிறது என்று பாருங்கள், அவனிடமோ அவளிடமோ பேசுங்கள். ரகசியத் திட்டம் மாதிரி வேண்டாம், எனக்குப் பின்னாலிருந்து யாரோ அவனை அனுப்பினார்கள் என்று தெரிந்திருந்தால் நான் மன்றத்தை விட்டே போயிருப்பேன்.

சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்தது "இவளுக்கு நகைச்சுவையே தெரியாது" என்று வரும், அது இன்னும் நீளமாகப் போகும்.

---

பாதிவழி

எல்லாருக்கும் நன்றி. நேர்ப்பேச்சு, உங்களுக்கும்தான், அந்தக் கூட்டத்தைப் போட நான் தயாராகவே இருந்தேன்.

அவளிடம் பேசினேன். பூட்டிய கதவைப் பற்றியும் சிரித்ததைப் பற்றியும் மன்னிப்புக் கேட்டேன். கதவு பரவாயில்லை என்றாள். அவளுக்கு எரிச்சலே வேறு. யாராவது ஏதாவது சொன்னதும் நான் உடனே அவள் முகத்தைப் பார்க்கிறேனாம், ஒவ்வொரு தடவையும். "நீங்க பார்த்ததும் எல்லாரும் பார்ப்பாங்க, அப்புறம் நான் சிரிச்சாகணும்" என்றாள். நான் கவனமாக இருப்பதாக நினைத்துச் செய்த ஒன்று அது.

மேடை வெளிச்சம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அவளாகவே கேட்டாள். இப்போது அதைச் செய்கிறவன் பெரிய பிள்ளைகள் குழுவில் முக்கியமானவன், அவனுக்கும் நடிக்க ஆசை இருக்கிறது, ஆகவே இரண்டு பேரும் இரண்டு வாரம் ஒன்றாக வேலை பார்த்தால்தான் கைமாறும். நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை, அதிர்ஷ்டம்தான்.

பொறுப்பாளரிடம் அரைக்கிணறு சொன்ன மாதிரியே போனேன். தேதி, கதவு, நான் சிரித்தது எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னைப் போய் அப்படி நினைக்கிறியே" என்றார். அப்படி நினைக்கவில்லை, இது நடந்தது என்று மட்டும் மறுபடி சொன்னேன். பொதுக் குழுவில் போடாதது முடிவில்லை என்கிற விதிக்குச் சரி என்றார். அந்தப் பேச்சைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறார்.

முகாம் அடுத்த மாதம். முகாம்கிழவன், முதல் நாள் மாலைக்கு என்ன செய்யலாம் என்று நேரம் கிடைத்தால் எழுதுங்கள். சீட்டு எடுக்கிற முறை இந்த வாரமே ஆரம்பித்துவிட்டோம், முதல் சீட்டிலேயே நண்பர்கள் மூன்று பேர் ஒரே அணியில் வந்து எல்லாரும் ஏமாற்று என்று கத்தினார்கள்.