லைன் கிளியர் கேட்ட குரல்

தென்காசியிலிருந்து, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்

ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்றால் நாடெல்லாம் சுற்றியிருப்பேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நான் போன பயணங்கள் குறைவு. பிறருடைய பயணங்களுக்கு வழிவிட்டு அனுப்பியதே என் வேலை. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில், காட்டுக்குள் இருந்த ஒரு சிறிய நிலையத்தில் 1994 முதல் ஏழு ஆண்டுகள் இருந்தேன். 1904-இல் போடப்பட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை அப்போது ஒற்றைப் பாதையாக, கைகாட்டி மரங்களோடும் மண்ணெண்ணெய் விளக்குகளோடும்தான் இயங்கிக்கொண்டிருந்தது.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக இரும்புப் பந்து ஒன்றை நம்பியிருந்தோம். அடுத்த நிலையத்தில் இருப்பவரிடம் தொலைபேசியில் லைன் கிளியர், அதாவது பாதை காலியாக இருக்கிறது, வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல், கேட்க வேண்டும். அவர் தம் பக்கத்துக் கருவியை இயக்கி ஒப்புதல் தந்தால்தான் என் பக்கத்துக் கருவியிலிருந்து பந்து வெளியே வரும். ஒரு நேரத்தில் ஒரு பந்துக்கு மேல் வராது; பந்து கையில் இல்லாமல் வண்டி அந்தப் பாதையில் போகக் கூடாது. அதைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டிப் பற்றிக்கொள்ளும்படி நிலைய ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் உயர்த்திப் பிடிப்பார். பேச்சில் தவறு நேராதிருக்க எங்களுக்கென்று இரகசிய எண்கள் எழுதிய தாள் உண்டு. ஒவ்வொரு ஒப்புதலுக்கும் அதைத் தருபவர் அந்தத் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார், மறுமுனையில் இருப்பவர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அந்த ஏழு ஆண்டுகளில் நான் அதிகம் பேசிய மனிதர், முகமே பார்த்திராத அடுத்த நிலையத்துக்காரர் ஒருவர். நான் பணியில் இருக்கும்போது அவரும் பணியில் இருப்பார். எனக்கு விடுப்பு கிடைக்கும் நாளில் அவருக்குக் கிடைக்காது. பிறகு அவருக்கும் மாற்றல் வந்தது, எனக்கும் வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கதைகளைச் சென்னையில் இருக்கும் என் பேத்தியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் தாத்தாவுக்காக வியந்துகொண்டிருக்கும்? “சரி தாத்தா” என்று இரண்டு முறை சொல்வாள், மூன்றாவது முறை ஆச்சியைத் தேடிப் போய்விடுவாள். சொல்லும் முறையில்தான் குறை என்று எனக்கும் புரிந்தது. காலாண்டு விடுமுறைக்கு அவள் தென்காசிக்கு வந்தபோது, செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை அழைத்துப்போவதென்று முடிவு செய்தேன். ஓய்வூதியருக்கான பாஸ் எனக்கும் என் மனைவிக்கும் உண்டு. பேரப்பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரைக் கட்டணத்தில் பயணச்சீட்டு வாங்கலாம், ஆனால் தனி இருக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான். சன்னல் ஓரம் இல்லாமல் அவள் வரமாட்டாள் என்பதால் மறுபேச்சின்றி முழுக் கட்டணம் கட்டினேன்.

2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தி, பாதையை அகலப்படுத்தி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகும் அன்றுவரை நான் அதில் போனதே இல்லை. பழைய இடத்தைப் பார்க்கும் ஆசையைவிட, பார்த்துவிடுவோமோ என்ற தயக்கமே அதிகமாக இருந்தது. மலையேற்றத்துக்காக வண்டியின் பின்புறம் இன்னோர் எஞ்சினைச் சேர்த்து மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்த வேகம் மட்டும் பழையபடியே இருந்தது. சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். என் பேத்தியும் கத்தினாள். இத்தனை ஆண்டுகளில் சுரங்கத்துக்குள் கத்தலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தபோதுதான் அது நடந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவரிடம் அவர் இருக்கை எண் கேட்டார். அந்த மனிதர் “நாலு” என்று சொல்லி, சிறிதாக ஒருமுறை செருமி, “ஏழு” என்றார். நாற்பத்தேழு என்று சேர்த்துச் சொல்லாமல், இலக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் ஒரு செருமலோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நள்ளிரவில், மழையில், தொலைபேசியின் இரைச்சலுக்கு நடுவே எத்தனையோ முறை கேட்டுக் குறித்துக்கொண்ட குரல் அது. நான் எழுந்து போய், வணக்கம் கூடச் சொல்லாமல், “லைன் கிளியர் தரலாமா சார்?” என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் அவருக்கும் தெரியாதல்லவா! கண்ணை மூடிக்கொண்டு, “ஒருதரம் கூடிச் சொல்லு சாரே” என்றார். மறுபடி சொன்னேன். அதன் பிறகு அவர் என் கையை விடவே இல்லை.

புனலூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பேரனைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும்தான் இப்போதைய பணி என்றும், அதற்கும் விடுப்பு கிடைப்பதில்லை என்றும் சிரித்தார். என் மனைவி கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். நான் ஓராண்டாகச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத என் பேத்தி, அப்போதுதான் பந்து என்றால் எவ்வளவு பெரியது, வளையம் கீழே விழுந்தால் என்ன ஆகும், இரவில் யானை வந்தால் யார் கதவைச் சாத்துவார்கள் என்று அவரிடம் அடுக்கினாள். பிறகு எங்களை இருக்கையின் இரு முனைகளிலும் உட்காரவைத்து, என் பாஸ் உறையைத் தோல்பையாகவும் ஆச்சியின் வளையல் ஒன்றைப் பந்து மாட்டும் வளையமாகவும் ஆக்கி, தானே எஞ்சினாக நடைவழியில் ஓடி ஓடிப் பற்றிக்கொண்டாள். எங்கள் வேலையின் சாரத்தை அவளுக்கு நான் விளக்க வேண்டிய தேவை அதன் பிறகு ஏற்படவில்லை.

கழுதுருட்டிக்கு அருகில் பதின்மூன்று கண் பாலம் வரும் என்று முன்பே ஆசைகாட்டி வைத்திருந்தேன். “பாலம் எங்கே தாத்தா?” என்று கேட்டபோது வண்டி அதன்மேல்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு வளைவுகள் தெரியாது என்பது, அத்தனை ஆண்டுகள் அந்தப் பகுதியில் இருந்த எனக்கே நினைவில் இல்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து, மறுநாள் திரும்பும்போது பேருந்தில் வந்தோம். சாலையிலிருந்து பார்த்தால் பாலம் முழுவதும் தெரியும். இறங்கி நின்று, விரல்விட்டு எண்ணி, பன்னிரண்டு என்றாள். மறுபடி எண்ணிப் பதின்மூன்று என்று ஒப்புக்கொண்டாள்.

ராமநாதபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒன்று எழுதத் தோன்றியது. அஞ்சல் துறையில் இருந்த நாங்கள் நான்காண்டுக்கு ஒருமுறை எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையை எடுத்து இந்தியாவின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய்வருவோம். காசி, தில்லி, பூரி, கன்னியாகுமரி என்று போன இடமெல்லாம் என் கணவர் உள்ளூர் அஞ்சலகத்தைத் தேடிப்போய், எங்கள் வீட்டு முகவரிக்கே ஒரு அஞ்சலட்டை போடுவார். அப்போது அட்டை 15 பைசா. “சம்பளம் வாங்குகிற இடத்தில் செலவும் செய்ய வேண்டாமா?” என்பார். நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பெரும்பாலும் அட்டை வந்து சேரும். அந்த ஊரின் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்; விழாவிட்டால் அன்று முழுக்க அந்த ஊர் அஞ்சலகத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

என் பேரன் துபாயில் வளர்கிறான். அங்கே வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டுவரும் வழக்கம் இல்லை. எல்லாம் அஞ்சல் பெட்டி எண்ணுக்குத்தான் போகும், பின்கோடு என்பதும் கிடையாது. ஆகையால் சைக்கிளில் வந்து வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் தபால்காரர் அவனுக்குப் பெரிய அதிசயம். போன கோடை விடுமுறைக்கு அவன் வந்தபோது டப்பாவைத் திறந்து கொடுத்தேன். 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு எண்ணின் முதல் இலக்கமே நாட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தபின், அவன் அட்டைகளைத் தரையில் பரப்பி இந்திய வரைபடமே போட்டுவிட்டான். 1 வடக்கே தில்லிப் பக்கம், 2 காசி இருக்கும் உத்தரப் பிரதேசம், 7 கிழக்கே பூரி, 6 நம் தமிழ்நாடும் கேரளமும். 9 எங்கே என்று தேடினான். அது இராணுவத்தின் அஞ்சலுக்கு என்றதும், அப்படியோர் அட்டை நம்மிடம் ஏன் இல்லை என்று வருத்தப்பட்டான்.

தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். காசியிலிருந்து தாத்தா எழுதிய அட்டையை அரைமணி நேரம் எடுத்துப் படித்தான். கங்கையைப் பற்றி உருக்கமாக ஏதோ எழுதியிருப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகளில் முத்திரையைப் பார்த்தோமே தவிர, எழுத்தை நான் ஒழுங்காகப் படித்ததில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: “சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறான். உன் அம்மா என்னைத் திட்டுகிறாள்.” அது என் மகளுக்கு எழுதியது, அவளுக்கு அப்போது ஏழு வயது. அவள் மகன் அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்து, “பாட்டி, நீங்கள் ஏன் தாத்தாவைத் திட்டினீர்கள்?” என்று கேட்டான். படகில் ஏறும்போது செருப்பை ஆற்றில் விட்டதற்காக என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, திட்டு வாங்கிய கதை பேரனுக்குச் சிரிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

அவன் ஊருக்குப் போவதற்கு முன் ராமேசுவரம் அழைத்துப்போனேன். 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கடந்தவள் நான். 2022 டிசம்பரில் அதை மூடியபின் ரயில் மண்டபம் நிலையத்தோடு நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் திறந்தது. நடுவில் உள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். நாங்கள் போன நாளில் கப்பல் வரவில்லை. ராமேசுவரம் அஞ்சலகத்தில் அவன் தன் கையாலேயே, எங்கள் ராமநாதபுரம் முகவரிக்குத் தன் பெயரிலேயே ஓர் அட்டை எழுதினான். அவன் விமானம் ஏறிய மறுநாள் அது வந்தது. தபால்காரர் வாசலில் நின்று பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை, காணொளி அழைப்பில் அவனையே கேட்கச் செய்தேன். முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எல்லாப் பேரப்பிள்ளைகளும் வளையத்தையும் முத்திரையையும் கண்டு மகிழ்வார்கள் என்று யாரும் நம்பிவிட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் இரண்டு பேரன்களும் காலையிலிருந்து மாலைவரை எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். இதை ஓய்வு என்று சொல்வதற்கு எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பிடித்திருக்கிறது என்பது வேறு.

திருமணமான புதிதில் நானும் மனைவியும் நீலகிரி மலை ரயிலில் போன நினைவை அவர்களுக்கும் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு, விடியுமுன் எழுப்பி மேட்டுப்பாளையம் கூட்டிப்போனேன். 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, 2005-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். மூத்தவன் தூங்கிவிட்டான். இளையவனுக்கு, 208 வளைவுகளில் எத்தனையாவதோ தெரியவில்லை, வாந்தி வந்துவிட்டது. ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து, என் மனைவியின் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறி, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்வது அந்தக் குரங்கின் கதையைத்தான். அதில் எஞ்சின் இல்லை, சுரங்கம் இல்லை, நானும் இல்லை.

தென்காசியிலிருந்து மீண்டும்

கோவை நண்பருக்கு: எங்கள் நிலையத்திலும் குரங்குகள் உண்டு, ஒருமுறை பதிவேட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதை விசாரணையில் எழுதிக் கொடுத்து நம்பவைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. சென்ற வாரம் என் பேத்திக்குப் பிறந்தநாள். புனலூர்க்காரர் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். வாழ்த்துச் சொல்வதற்கு முன், வண்டி தயாராக நிற்கிறது, லைன் கிளியர் தர முடியுமா என்று கேட்டாராம். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஒன்பது” என்று சொல்லி, நடுவில் செருமி, “சுழியம்” என்று எண் கொடுத்திருக்கிறாள். அவர் அதை எழுதி வைத்துக்கொண்டதாக எனக்குச் சொன்னார்.