செய்தறி தொல்லியல்: இந்தச் சொல் சரிவருமா?

வணக்கம்.

எகிப்திய வெண்கல வார்ப்பு பற்றி எழுதும்போது ‘எக்ஸ்பெரிமென்டல் ஆர்க்கியாலஜி’க்குத் தமிழ் தெரியாமல் நின்றுவிட்டேன். ‘சோதனைத் தொல்லியல்’ எனக்கு நெருடுகிறது. பழைய சிலையைத் துளி சுரண்டி, வெள்ளீயம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பதும் சோதனைதான். நான் சொல்ல வருவது, பழையவர்கள் செய்தபடியே நாமும் மூசை (உலோகம் உருக்கும் மண்கலம்) வனைந்து, துருத்தி மிதித்து, உருக்கி ஊற்றிப் பார்ப்பதை.

எகிப்தின் லக்சர் நகரில், நைல் ஆற்றின் மேற்குக் கரையில் ரெக்மிரே கல்லறை இருக்கிறது. அவர் மூன்றாம் துத்மோசு மன்னரின் அமைச்சர், கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அங்கே கோயில் கதவு வார்க்கும் காட்சியைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். காலுக்கொரு துருத்தியாக மாறி மாறி மிதிக்கிறார்கள். கால் எழும்போது கையிலுள்ள கயிறு தோலை மேலே இழுக்கிறது. மூசையை இரண்டு வளைந்த கோல்களால் இடுக்கித் தூக்குகிறார்கள். அச்சின் மேல், உருகியதை ஊற்ற வரிசையாகப் புனல்கள்.

அந்தக் கோல் பச்சை மரமா, உலோகமா? செம்பு உருக 1085 பாகை செல்சியசு வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் ஆயிரத்தை ஒட்டியே உருகிவிடும். அந்தச் சூட்டில் பச்சைக் கோல் ஊற்றி முடிக்கும்வரை தாங்குமா? ஒரு மூசை ஊற்றியது இறுகுவதற்குள் அடுத்தது வந்துசேருமா? ஓவியத்தை எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது, செய்துதான் அறிய வேண்டும். அதனால்தான் ‘செய்தறி தொல்லியல்’. வினைத்தொகை, நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள்.

‘செய்முறைத் தொல்லியல்’ என்று வைக்கலாமே என்று முன்பு சொன்ன ஐயாவுக்கு: அதைக் கேட்டதும் பிளஸ் டூ பிராக்டிகல் நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே விடை முதலிலேயே தெரியும்!

*

தம்பி, பிராக்டிகல் நோட்டுக்குத் தோற்றேன். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பழைய முறையில் வார்த்துக் காட்டுவதும் ‘செய்வது’தானே?

*

ஐயா, அதில் ‘அறி’ இல்லையே. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு செய்து, தோற்றாலும் குறித்துவைத்தால்தான் இது. வெறுமனே செய்து காட்டுவதற்கு ‘மீளுருவாக்கம்’ போதும்.

அப்புறம், ‘கோர்’ (core), அதாவது வார்ப்பின் உள்ளே வைக்கும் மண் உருவம், அதற்குச் சொல் இன்னும் பாக்கி. பிற்கால எகிப்தின் ஒசிரிசு தெய்வம், பூனை உருவங்கள் பலவும் உள்ளே கூடானவை. மண்ணும் மணலும் பிசைந்த உருவத்தின் மேல் மெழுகு பூசி, அதன் மேல் அச்சு மண் பொதிவார்கள். மெழுகு உருகி ஓடியபின் உள்ளிருக்கும் மண் உருவம் நகராமலிருக்க ஆணி குத்துவார்கள். ‘கரு’ என்றால் அச்சுக்கும் அதே பெயர் உண்டு, குழம்பும். ‘உள்மண்’ என்று எழுதட்டுமா?