அத்திப்பட்டு மனை முழுக்கச் சீமைக் கருவேலம்: ஜேசிபி விடலாமா?

கௌரி, அத்திப்பட்டு:
வணக்கம். அப்பா விட்டுப்போன 11 சென்ட் மனையை ஆறு வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன ஞாயிறு போனேன். வேலி எது, உள்ளே எது என்று தெரியாத அளவுக்குச் சீமைக் கருவேலம். முள் செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. அப்பா நட்ட இரண்டு பனை மட்டும் அதற்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. வடமேற்கு மூலை பள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றதாகப் பக்கத்து வீட்டு ஆயா சொன்னார். போர் தண்ணீர் கரிக்கிறது. ஜேசிபி விட்டு அரை நாளில் வழித்து, இருபது லோடு செம்மண் அடித்துவிடலாம் என்கிறார் ஒருவர். எனக்கு மனசு வரவில்லை. வீடு கட்டும் எண்ணம் இல்லை. கொஞ்சம் காய்கறி, நிழல், குருவி வர ஒரு இடம் போதும். எங்கிருந்து தொடங்குவது?

ரவி, மணலி:
மேலோடு வெட்டினால் வேலைக்காகாது. நான் இரண்டு முறை வெட்டினேன், இரண்டு முறையும் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்தது. ஜேசிபி என்றால் தூரோடு வரும்.

முருகன், எண்ணூர்:
கௌரி அக்கா, தூர் விஷயத்தில் ரவி அண்ணா சொல்வது சரி. ஆனால் முழு மனையையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். என் 6 சென்டில் அந்தத் தப்பைச் செய்தேன். சித்திரை வெயிலில் வெறும் மண் உப்புப் பூத்து வெளுத்துப்போனது. முதல் மழைக்குக் கீரைப் பாத்தி மாதிரி கருவேலங்கன்று முளைத்தது.

துளிர்க்கும் மொட்டு தூரில், மண்ணுக்குள் ஒரு சாண் வரை இருக்கிறது. ஒரு அடி தோண்டி, அதற்குக் கீழே வேரை வெட்டித் தூரை எடுத்துவிட்டால், மிச்ச வேர் துளிர்க்காது. கடப்பாரையும் கோடாலியும் போதும். தை மாதம் மண் ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள். காயை ஆடு தின்றால் புழுக்கையோடு விதை ஊரெல்லாம் போகும். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதையோ பல வருடம் உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுகளைப் பிடுங்குங்கள். விரல் நீளம் தாண்டினால் வேர் கைக்கு வராது.

விறகுக்காக 1870களில் கொண்டுவந்த மரம் இது. உப்பும் வறட்சியும் தாங்கும் என்றுதான் பரப்பினார்கள். அப்படியானால் நாம் நடுவதும் உப்பு தாங்க வேண்டும், இல்லையா? பூவரசு, புங்கன், பனை தாங்கும். வேலிக்கு நொச்சியும் கிளுவையும் வையுங்கள், இரண்டும் போத்திலேயே, அதாவது வெட்டி நட்ட கிளைத் துண்டிலேயே வரும்.

செம்மண் வேண்டவே வேண்டாம். பள்ளத்தை மேடாக்கினால் அந்தத் தண்ணீர் ஆயா வீட்டுக்குத்தான் போகும். இன்னும் ஒரு முழம் ஆழப்படுத்தி, எடுத்த மண்ணைத் தெற்கே அகலமான வரப்பாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வரப்பில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்கும். அப்புறம் கத்தரியும் கீரையும் வரப்பின் மேல் போடலாம். மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்குப் பனையோலை, வைக்கோல் போடுங்கள். கருவேலத் தழை ஆகாது, மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும்.

கௌரி, அத்திப்பட்டு:
நன்றி தம்பி. நொச்சி என்றதும் நினைவு வந்தது. கிழக்கு ஓரத்தில் கருவேலத்துக்கு அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு நொச்சி வெளிச்சத்துக்காகச் சாய்ந்தே வளர்ந்திருக்கிறது. இலையைக் கசக்கி முகர்ந்தேன். சளி பிடித்தால் ஆவி பிடிக்க அப்பா அதைத்தான் பறித்து வருவார்.

முருகன், எண்ணூர்:
அங்கிருந்தே தொடங்குங்கள் அக்கா. அதைச் சுற்றியுள்ள நாலு கருவேலத்தை மட்டும் இந்தத் தையில் எடுங்கள். மற்றவை கோடைக்கு நிழலாக நிற்கட்டும். காய் விழ விழக் கூட்டி எரித்துவிடுங்கள். புரட்டாசி முடிவில் அந்த நொச்சியிலேயே பெருவிரல் தடிமனில், ஒரு முழ நீளத்தில் போத்து வெட்டுங்கள். கிழக்கு வேலிக்கு வாங்கவே வேண்டாம். பூவரசம் போத்து என் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.