காப்பர் ஸ்டியரேட்: சிஎம்சி வரவே மாட்டேங்குது, அவசரம்!

தெப்பக்குளத்தான்: எம்.எஸ்சி. புராஜெக்ட். காப்பர் ஸ்டியரேட் என்ற உலோகச் சோப்பின் கரைசலில் மின் கடத்துத்திறனை அளக்கிறேன். செறிவை எவ்வளவு கூட்டினாலும் மீட்டர் சுழியத்தை விட்டு அசையவில்லை. மைசெல், அதாவது சோப்பு மூலக்கூறுகளின் திரள், உருவாகத் தொடங்கும் செறிவில் (அதுதானே சிஎம்சி) வரைபடக் கோடு முறிய வேண்டாமா? வைவா நெருங்கிவிட்டது.

சோழவந்தான் வாசி: எந்தக் கரைப்பான்? எத்தனை டிகிரி? இதைச் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

மேலமாசி: எனக்குச் சோப்பு மேல்தான் சந்தேகம். சோடியம் ஸ்டியரேட்டில் காப்பர் சல்பேட் ஊற்றி எடுத்த நீலப்பச்சை மாவை வெந்நீரில் கழுவினால் உப்புதான் போகும். மிச்ச ஸ்டியரிக் அமிலம் போகச் சூடான ஆல்கஹால் வேண்டும். ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 1700 செ.மீ⁻¹ பக்கம் பட்டை தெரிந்தால் அமிலம் இருக்கிறது.

பழைய பியூரெட்: தம்பி, நீங்கள் படித்த மைசெல் தண்ணீருக்கானது. இந்தச் சோப்பு கரையும் கரிமக் கரைப்பானில் தலைகீழ்: உலோகத் தலை உள்ளே, வால் வெளியே. சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சலவைப் பொருள் தண்ணீரில் அறுபது மூலக்கூறு வரை சேரும். இங்கே பெரும்பாலும் சிலதான், அதுவும் படிப்படியாக. கூர்மையான முறிவைத் தேடுவதே தப்பு. முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

கப்பலூர் பட்டறை: பேரிங்கில் போடும் லித்தியம் கிரீஸும் உலோகச் சோப்புதானே அண்ணே? அதிலும் மைசெல்தானா?

பழைய பியூரெட்: அது நார் நாராகப் பின்னி எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது. இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

தெப்பக்குளத்தான்: சொல்ல மறந்துட்டேன். டொலுவீன்.

சோழவந்தான் வாசி: அப்படிச் சொல்லுங்க! டொலுவீனின் மின்காப்பு மாறிலி (அயனிகளைப் பிரித்து வைக்கும் திறனைக் காட்டும் எண்) 2.4, தண்ணீருக்கு 80 பக்கம். அயனியே பிரியாது, மீட்டர் எதைக் காட்டும்? மெத்தனால் கலந்து பாருங்கள், அதற்கு 33. வெறும் கரைப்பானின் ரீடிங்கைக் கழிக்கணும். டொலுவீனேதான் வேண்டுமென்றால் ஆஸ்ட்வால்ட் விஸ்கோமீட்டரில் பாகுநிலையை அளக்கலாம், ஆனால் வாட்டர் பாத்தில் வைத்து. நம்ம ஊர் வெயிலில் காலை ரீடிங்கும் மதிய ரீடிங்கும் ஒத்துவராது. ஈரமும் ஆகாது, துளி தண்ணீர் போனாலே மைசெல் அளவு மாறும்.

பழைய பியூரெட்: பழைய ஆய்வுகளில் பென்சீன்-மெத்தனால்தான். டொலுவீன் யார் சொன்னது?

மேலமாசி: பென்சீன் புற்றுநோய் தரும் சார். படிக்கிற பிள்ளைக்கு இதையா சொல்வது?

பழைய பியூரெட்: நாங்கள் அதில்தான் வேலை பார்த்தோம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

சோழவந்தான் வாசி: இருக்கிறவர்தானே சார் வந்து சொல்ல முடியும்?

தெப்பக்குளத்தான்: மெத்தனால் கலந்ததும் மீட்டர் ஏறுது. முறிவு மழுங்கலாத்தான் இருக்கு. கைடு போதும்னுட்டார். நன்றி.

மேலமாசி: ஐ.ஆர். எடுத்தீங்களா?