உப்பு இருந்தால் மெதேன் ஐதரேற்று உருவாகாதா?

வாவிக்கரையான்:
மெதேன் ஐதரேற்று, அதாவது தண்ணீர் கூடு கட்டி மெதேனை உள்ளே பூட்டி வைத்த பனிக்கட்டி மாதிரிச் சாமான், நம் இலங்கையின் கிழக்குக் கடலடியிலும் இருக்கும் என்று இங்கே எழுதுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் கட்டிக்கு மேல் உப்பைப் போட்டால் உருகும். கடல் முழுக்க உப்பு, அப்ப அது எப்படி உருவாகும், எப்படி நிற்கும்?

கல்முனைக் கடலோடி:
மச்சான், உப்பு தடுக்காது, கஷ்டப்படுத்தும். உப்பு அயன்கள் தண்ணீரைத் தம் பக்கம் இழுத்து வைப்பதால் கூடு கட்டுவது கடினமாகிறது, அதனால் 3.5 சதவீத உப்புள்ள கடல்நீரில் அதே அமுக்கத்துக்கு ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் கூடக் குளிர வேண்டும், அவ்வளவுதான். 2006 இல் இந்தியர்கள் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது களிமண் வெடிப்புகளுக்குள் சுமார் 130 மீற்றர் தடிப்புக்கு ஐதரேற்று கிடைத்ததே, அதுவும் வங்காள விரிகுடாதானே?

வாவிக்கரையான்:
அந்த 1 பாகை தொடக்கக் கணக்கு. ஐதரேற்று உப்பைக் கூட்டுக்குள் எடுக்காது, வெளியே தள்ளும். மண் துணிக்கைகளின் இடைவெளியில் மிஞ்சுகிற நீர், அதாவது துளைநீர், உப்பேறி உப்பேறி, கடைசியில் அதுவே வேலையை நிறுத்திவிடும்.

மண்முனை சேர்:
தம்பி சொல்வது பாதி சரி. வாயு வேகமாக ஏறி ஐதரேற்று அவசரமாக உருவானால் உப்பு பரவிப்போக நேரம் கிடைக்காது. 2002 இல் அமெரிக்காவின் ஒரிகன் கரைக்கு அப்பால் துளையிட்டபோது கடலடிக்குச் சற்றுக் கீழே கடல்நீரைவிட உப்பான துளைநீர் இருந்தது இப்படித்தான். மெதுவாக உருவானால் உப்பு கசிந்து போய்விடும், மறுகா தடையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மண்ணை மேலே எடுக்கும்போது ஐதரேற்று உருகி நல்ல தண்ணீர் விடும், துளைநீரில் குளோரைட்டு, அதாவது உப்பின் ஒரு பகுதி, குறைந்திருக்கும். எங்கே எவ்வளவு இருந்தது என்று அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள்.

புதுமுகம்:
அப்ப மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே வரும் குமிழியும் இதுதானா சேர்?

மண்முனை சேர்:
இல்லை மனே. வாவி ஆழமில்லை, சூடும் கூட. அது சேற்றில் நுண்ணுயிர்கள் விடும் வாயு. இந்தச் சாமானுக்கு நம் வெப்பக் கடலில் 700 மீற்றரைத் தாண்டிய ஆழமாவது வேண்டும்.

கல்முனைக் கடலோடி:
வாவிக்கரை, உன் ஐஸ் கதையையே எடுப்போம். முந்தி ஐஸ்கிறீம் கடைகிறவர்கள் ஐஸுக்கு உப்புப் போட்டது குளிரைக் கூட்டத்தானே? உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுக்கும். ஐதரேற்றும் உடையும்போது சூட்டை இழுத்து, நல்ல தண்ணீரையும் விட்டு உப்பை ஐதாக்கும். இரண்டும் சேர்ந்து உடைவுக்குப் பிரேக் போடும். புதிதாக உப்பு நீரோ சூடோ வந்துகொண்டிருந்தால்தான் நிற்காமல் உடையும்.

வாவிக்கரையான்:
சரி, உப்பை விட்டுவிடுகிறேன். மெதேன் எங்கிருந்து வரும்? கோதாவரி கொட்டுகிற சேறு அளவுக்கு நம் கரைக்கு எந்த ஆறு கொட்டுகிறது?

கல்முனைக் கடலோடி:
இது நல்ல கேள்வி. ஆனால் நீ தொடங்கின கேள்வி இது இல்லையே மச்சான்.