பள்ளியில் பாலியல் பாதுகாப்பு வகுப்பு: உங்கள் மனத்தை விட்டு அகலாத நிகழ்வு எது?

நடுநிலைப்பள்ளி ஆசிரியை:
வழக்கம்போல் மாணவிகளைக் கூடத்தில் அமர்த்திவிட்டு, மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பயிற்சியாளர் எல்லோரையும் உரக்கச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "மிஸ், பசங்களுக்கு இப்படி நடந்தா யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டான். உள்ளே சிரிப்பு எழுந்தது. "போய் விளையாடுப்பா" என்றார் பயிற்சியாளர். மத்திய அரசு 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். அன்று மாலையே அவனைத் தனியாக அழைத்துப் பேசிப் பார்த்தேன். அவன் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் தாய்:
எங்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் உறவினர் ஒருவர் என் மகளைத் தூக்கி மடியில் வைக்க முயன்றபோது, அவள் வகுப்பில் பழகியபடியே கையை முன்னே நீட்டி, "வேண்டாம், எனக்குப் பிடிக்கல" என்று சபையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று என் மாமியார் கேட்டார். ஆமாம் அத்தை, அதற்குத்தான் அனுப்புகிறோம் என்றேன். அவர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கேள்வி கேட்ட பையனைப் பற்றி வருந்துவது சரிதான். ஆனால் குழந்தை உண்மையிலேயே வாய் திறந்த பிறகு பள்ளி என்ன செய்கிறது என்பதை யாரும் எழுதவில்லையே. நான் பணியில் இருந்தபோது புகார்ப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. "பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நான் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தேன். ஆசிரியர்களே, இதை மனத்தில் வையுங்கள்: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு, தன் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை உண்டு. குழந்தையைத் துருவித் துருவி விசாரிக்காதீர்கள். அது சொன்ன சொற்களை அப்படியே எழுதி, தேதியிட்டு வையுங்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, காவல் அதிகாரி சீருடை அணியாமல் வந்துதான் பதிவு செய்ய வேண்டும் என்பதால், காவல் நிலையத்துக்கு அலைக்கழிப்பார்களோ என்ற அச்சம் வேண்டாம்.

பயிற்சியளிக்கும் தன்னார்வலர்:
ஐயா சொல்லும் சட்டம் சரி. ஆனால் அச்சம் காவல் நிலையத்தைப் பற்றியது மட்டுமன்று. வகுப்பு முடிந்து படச்சுருளைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு சிறுமி, "நான் சொன்னா அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள். நாங்கள் காட்டிய படங்களிலெல்லாம் மிட்டாய் நீட்டும் முன்பின் தெரியாத ஆள்தான் இருந்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அன்றே தகவல் கொடுத்தோம். அந்தப் படங்களைத்தான் அடுத்த மாதமும் வேறொரு பள்ளிக்குக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்குள் இருப்பவரையும் வரைந்து தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன்.