ஜாங்கோவில் வினவல்களுக்கான துணை மெத்தட்களை எங்கே, எப்படி எழுதுவது?

கேள்வி

வணக்கம். கல்லூரி நூலகம் ஒன்றுக்காக ஜாங்கோ என்னும் பைத்தான் வலைச் சட்டகத்தையும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையும் கொண்டு ஒரு வலைச் செயலியை உருவாக்கி வருகிறோம். அதன் நூற்பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 50 நூல்கள் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, பதிப்பகம், ஆசிரியர்கள், இப்போது கடனாகப் பெறக்கூடிய பிரதிகளின் எண்ணிக்கை, உள்நுழைந்திருக்கும் மாணவர் அந்நூலை முன்பதிவு செய்திருக்கிறாரா என்ற குறி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஒரு நூலைக் கொடுத்தால் ஆசிரியர் பெயர்களைத் தருவது, பிரதிகளை எண்ணிச் சொல்வது, முன்பதிவைச் சரிபார்ப்பது எனச் சிறு சிறு செயற்கூறுகளாக எழுதி, அவற்றைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம். பக்கத்தின் வடிவத்தை வரையும் டெம்ப்ளேட் அவற்றை ஒவ்வொரு நூலுக்கும் அழைக்கிறது.

நிரல் படிப்பதற்குத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் செஷனுக்கும் பயனருக்கும் உரிய வினவல்களைக் கழித்த பிறகும் டீபக் டூல்பார் என்ற கண்காணிப்புக் கருவி இந்த ஒரு பக்கத்துக்கு 202 வினவல்களை, அதாவது தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் கேள்விகளை, காட்டுகிறது. விடைகளைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) போட்டுவிட்டால் போதும் என்பது குழுவில் சிலருடைய கருத்து. அதற்கு முன் வினவல்களையே செம்மைப்படுத்த விரும்புகிறேன். இத்தகைய துணைச் செயற்கூறுகளை எந்த வடிவில், எந்த இடத்தில் எழுதுவது முறை?

முதல் பதில்

நூல்களின் மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று, அந்தப் பக்கத்தின் 50 நூல்களை எடுக்க ஒன்று, பிறகு பதிப்பகம், ஆசிரியர், பிரதி, முன்பதிவு என நூலுக்கு நான்கு வீதம் 200. உங்கள் 202 இப்படித்தான் சேர்ந்திருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸைப் பயன்படுத்தி நொடியின் சிறு பின்னத்தில் முடிந்துவிடும் என்பதால், மெதுவான வினவல்களைப் பதிவு செய்யும் லாகில் ஒன்றுகூடத் தென்படாது. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே 202 முறை போய்வரும் நேரம்தான் பக்கத்தைத் தாமதப்படுத்துகிறது.

துணைச் செயற்கூறுகளை எழுதியதில் குறை இல்லை. அவை எதை உள்ளீடாகப் பெறுகின்றன என்பதில்தான் சிக்கல். ஒரு நூலை மட்டும் பெறும் செயற்கூறுக்கு மற்ற 49 நூல்கள் இருப்பதே தெரியாது. ஆகவே அது தரவுத்தளத்தைத் தனியாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு மாறாக, குவெரிசெட்டை (இன்னும் ஓடாத வினவலைக் குறிக்கும் ஜாங்கோ பொருளை) பெற்றுக் குவெரிசெட்டையே திருப்பித் தரும் மெத்தட்களாக அவற்றை மாற்றுங்கள். நூல் அட்டவணையைக் குறிக்கும் மாடலுக்கென ஒரு குவெரிசெட் வகுப்பை எழுதி, ஜாங்கோ 1.7 பதிப்பிலிருந்து உள்ள ‘ஆஸ் மேனேஜர்’ வழியாக அதை மாடலோடு இணைத்துவிட்டால், ‘பதிப்பகத்துடன்’, ‘ஆசிரியர்களுடன்’, ‘இருப்புடன்’ போன்ற மெத்தட்களைத் தேவைக்கேற்பச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம். குவெரிசெட்டை லூப்பில் ஓட்டும்வரையோ லிஸ்ட்டாக மாற்றும்வரையோ தரவுத்தளத்துக்கு எதுவும் போகாது என்பதால், எத்தனை மெத்தட்களைக் கோத்தாலும் கட்டப்படுவது ஒரே முதன்மை வினவல்தான். நடுவில் ஏதாவது ஒரு மெத்தட் லிஸ்ட்டைத் திருப்பித் தந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதன் பிறகு வடிகட்டலையும் பக்கம் பிரித்தலையும் பைத்தானில் செய்ய வேண்டியதாகிவிடும்.

ஒரு நூலுக்கு ஒரே பதிப்பகம் என்பதால் அதற்கு ‘செலக்ட் ரிலேட்டட்’ போதும்; அது இரு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் மூலம் அதே வினவலில் பதிப்பகத்தையும் கொண்டுவருகிறது. ஆசிரியர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதால் அங்கே ‘பிரிஃபெட்ச் ரிலேட்டட்’ வேண்டும். அது 50 நூல்களின் சாவிகளையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டாவது வினவலை அனுப்பி, வந்த ஆசிரியர்களை உரிய நூல்களோடு பைத்தானில் பொருத்துகிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பிரிஃபெட்ச் செய்த ஆசிரியர்களை டெம்ப்ளேட்டில் ‘ஆல்’ என்று கேட்கும்வரை நினைவகத்தில் உள்ளதே கிடைக்கும். மாடலுக்குள் எங்கேனும் ‘ஃபில்டர்’, ‘ஆர்டர் பை’ ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து எழுதியிருந்தால், ஜாங்கோ அதைப் புதிய வினவலாகவே கருதும். முன்கூட்டி எடுத்து வைத்தது வீணாகி, நூலுக்கு ஒன்று வீதம் மறுபடியும் 50 வினவல்கள் ஓடும். ஆசிரியர்கள் குறிப்பிட்ட வரிசையில் வேண்டுமென்றால், வரிசைப்படுத்திய குவெரிசெட்டை ‘பிரிஃபெட்ச்’ ஆப்ஜெக்ட்டுக்குள் வைத்து, ‘டு ஆட்டர்’ மூலம் தனிப் பண்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பண்பு வெறும் லிஸ்ட் என்பதால் அதன் மேல் யாரும் தவறுதலாக ‘ஃபில்டர்’ எழுத முடியாது. இதை நான் விரும்புவதற்கு அதுவே முதற்காரணம்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். எண்ணிக்கைகளைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கே பக்கம் மெதுவாவதற்குப் பதில் தவறான விடையே வந்துவிடும்.

பிரதிகளை ‘அனோட்டேட்’ செய்து (அதாவது கணக்கிட்ட மதிப்பை ஒவ்வொரு நூலோடும் சேர்த்து) ‘கவுன்ட்’ மூலம் எண்ணும் மெத்தட் ஒன்றும், முன்பதிவுகளை அதே வகையில் எண்ணும் மெத்தட் இன்னொன்றும் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் சரியான விடையைத் தரும். சங்கிலியாகக் கோத்தால், 4 பிரதிகளும் 3 முன்பதிவுகளும் உள்ள நூலுக்கு இரண்டு இடங்களிலும் 12 என்று வரும். இரு அட்டவணைகளும் ஒரே வினவலில் ஜாயின் ஆகி நிரைகள் பெருகிவிடுவதே காரணம். ‘கவுன்ட்’ என்றால், திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எண்ணும் ‘டிஸ்டிங்க்ட்’ சேர்த்துத் தப்பிக்கலாம். தொகையைக் கூட்டும் ‘சம்’ என்றால் அந்த வழியும் உதவாது, ஏனெனில் சமமான இரு தொகைகளை அது ஒன்றாகக் கருதிவிடும். கோக்கப்படுவதற்கென்றே எழுதப்படும் மெத்தட், தன்னுடன் வேறு எது கோக்கப்படும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே அது வெளி வினவலின் ஜாயின்களைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

அதற்கான கருவிகள் 2017-இல் வெளிவந்த 1.11 பதிப்பிலிருந்தே இருக்கின்றன. ‘அவுட்டர் ரெஃப்’ கொண்டு வெளி நூலைச் சுட்டும் ‘சப்குவெரி’ (உள் வினவல்) ஒன்றில் பிரதிகளை எண்ணுங்கள். பிரதியே இல்லாத நூலுக்கு அது வெற்று மதிப்பைத் தரும் என்பதால் ‘கோஅலெஸ்’ மூலம் அதைப் பூச்சியமாக்குங்கள். மாணவர் முன்பதிவு செய்திருக்கிறாரா என்பதற்கு எண்ணிக்கையே தேவையில்லை. ‘எக்ஸிஸ்ட்ஸ்’ போதும், ஒரு நிரை கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். அந்த மெத்தட் மாணவரை உள்ளீடாகப் பெற வேண்டும் என்பது வெளிப்படை.

பட்டியலுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெரிய மெத்தட்டில் அடைத்துவிடும் பழக்கம் சில திட்டங்களில் இருக்கிறது. அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தலைப்பு மட்டும் தேவைப்படும் ஏற்றுமதிப் பக்கமும் நாளடைவில் அதே மெத்தட்டை அழைக்கத் தொடங்கி, யாரும் பார்க்காத எண்ணிக்கைகளை ஒவ்வொரு நூலுக்கும் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மெத்தட்களைப் பிரித்து எழுதியதில், மொத்த எண்ணிக்கை, நூல்கள், ஆசிரியர்கள் என மூன்றே வினவல்கள் மிஞ்சுகின்றன. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முதல் பக்கங்கள் விரைவாக வந்தாலும், தலைப்பு வரிசையில் கடைசிப் பக்கங்களை நோக்கிப் போகப்போகத் தாமதம் கூடுகிறது. மேலும், நூலின் நீண்ட விவரிப்புப் புலத்தைத் தவிர்க்க ‘ஒன்லி’ பயன்படுத்தலாமா என்று உடன் பணியாற்றுபவர் கேட்கிறார்.

மூன்றாம் பதில்

‘ஒன்லி’ குறித்து முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விட்டுவைத்த புலத்தைப் பின்னர் யாராவது தொட்டால் ஜாங்கோ பிழை எதுவும் காட்டாமல் அந்த நூலுக்கு மட்டும் ஒரு வினவலை அனுப்பும். நீங்கள் ஒழித்துக்கட்டிய சிக்கல் பின்வாசல் வழியாகத் திரும்பிவரும். விவரிப்பு ஒன்றுதான் பெரியது என்றால், வேண்டியவற்றையெல்லாம் பட்டியலிடும் ‘ஒன்லி’யை விட, வேண்டாததை மட்டும் சொல்லும் ‘டிஃபர்’ மாற்றங்களைத் தாங்கி நிற்கும்.

கடைசிப் பக்கங்களின் தாமதத்துக்குக் காரணம் ஆஃப்செட், அதாவது இத்தனை நிரைகளைத் தாண்டிவிட்டுக் கொடு என்று கேட்கும் முறை. 20,000 நிரைகளைத் தாண்டி 50 நிரைகளைக் கேட்டால், போஸ்ட்கிரஸ் அந்த 20,000 நிரைகளையும் வரிசைப்படி கடந்து, ஒதுக்கிவிட்டுத்தான் உங்களுக்குரிய 50 நிரைகளுக்கு வரும்; இன்டெக்ஸ் இருந்தாலும் அவற்றைக் கடந்தே தீர வேண்டும். இதற்கு மாற்று, முந்தைய பக்கத்தின் கடைசி நூலை நினைவில் வைத்துக்கொண்டு, ‘இதற்கு அடுத்தவை’ என்று கேட்பது. ஒரே தலைப்பில் பல நூல்கள் இருக்கக்கூடும் என்பதால், தலைப்பையும் முதன்மைச் சாவியையும் சேர்த்து வரிசைப்படுத்தி, அதே ஒழுங்கில் இரண்டுக்கும் ஒரு கூட்டு இன்டெக்ஸை உருவாக்குங்கள். நிபந்தனை இப்படி அமையும்: தலைப்பு கடைசித் தலைப்பைவிடப் பெரியது, அல்லது தலைப்பு சமமாக இருந்து சாவி பெரியது. ‘அல்லது’ நுழைந்த இடத்தில் இன்டெக்ஸின் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்க, வினவலை ஓட்டும் வழியைத் தீர்மானிக்கும் பிளானர் தடுமாறக்கூடும். தலைப்பு கடைசித் தலைப்புக்குச் சமம் அல்லது பெரியது என்ற உபரி நிபந்தனையையும் ‘மற்றும்’ கொண்டு சேர்த்துவிட்டால், தர்க்கம் மாறாமலேயே தேடல் சரியான இடத்திலிருந்து தொடங்கும். இந்த நுணுக்கத்தை ‘அடுத்தவை’ என்ற ஒரே மெத்தட்டுக்குள் பூட்டிவைக்கலாம். துணை மெத்தட் என்று ஒன்று இருப்பதன் உண்மையான பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

இதற்கு ஒரு விலை உண்டு: பயனர் நேராக 37-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. நூலகப் பட்டியலில் யாரும் அப்படித் தாவுவதில்லை என்பது என் எண்ணம். தேடல் பெட்டியைத்தான் நாடுவார்கள். பக்க எண்ணே இல்லையென்றால் மொத்த எண்ணிக்கையும் தேவையில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எந்த நிரைகள் தெரியும் என்பதைச் சரிபார்த்தே போஸ்ட்கிரஸ் எண்ண வேண்டியிருப்பதால், பெரிய அட்டவணையில் அந்த எண்ணிக்கை மலிவானதல்ல. 50-க்குப் பதில் 51 நூல்களைக் கேளுங்கள். ஐம்பத்தோராவது நூல் வந்தால் அடுத்த பக்கம் இருக்கிறது என்று பொருள்.

பழைய பக்க எண்களை நீக்கவே முடியாது என்று நிர்வாகம் சொன்னால், 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுவது ஓரளவு உதவும். ‘கவுன்ட்’ வினவலில் பயன்படாத அனோட்டேஷன்களை ஜாங்கோவே நீக்கிவிடுவது அதிலிருந்துதான். முந்தைய பதிப்புகளில் உங்கள் ‘இருப்புடன்’ மெத்தட்டின் சப்குவெரியையும் அது எண்ணிக்கை வினவலுக்குள் சுமந்து சென்றது.

எந்தத் திட்டத்தை போஸ்ட்கிரஸ் தேர்ந்தெடுக்கிறது என்பதை அறிய, குவெரிசெட்டிலேயே ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மெத்தட் இருக்கிறது. ‘அனலைஸ்’ சேர்த்தால் அது வினவலை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து நேரத்தையும் நிரை எண்ணிக்கையையும் காட்டும். மேசைக் கணினியில் சில நூறு நூல்களை வைத்து அதைப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் சிறிய அட்டவணையில் இன்டெக்ஸைத் தொடாமல் முழுவதையும் படித்துவிடுவதே மலிவு என்று பிளானர் சரியாகவே முடிவு செய்யும்.

நீங்கள் அடைந்த மூன்று வினவல்கள் அடுத்த மாற்றத்திலும் மூன்றாகவே இருக்க, ‘அசெர்ட் நம் குவெரீஸ்’ கொண்டு ஒரு சோதனை எழுதிவிடுங்கள். ஒரு நூலை மட்டும் வைத்து எழுதும் சோதனை எதையும் பிடிக்காது. பல ஆசிரியர்களும் பல பிரதிகளும் கொண்ட நூல்களாக முதலில் 2, பிறகு 20 உருவாக்கி, இரு முறையும் வினவல்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.